சரக்கில்லா வாணிகம்

காவிரியின் குறுக்கே படுகையணை அமைந்து, இராஜ வாய்க்கால் பிரிந்து செல்லும் ஜேடர்பாளையத்தில் எம் சித்தியார் வசிக்கின்றனர். வாழையும் வெற்றிலைக் கொடியும் கரும்பாலையுமே பெரும்பான்மையோர்க்குப் பிழைப்பாகவுள்ள அவ்வூரில் அவர் சேலை வியாபாரம் செய்கின்றார். ஆயினும் அவர் இல்லத்தில் கடையில்லை, அலமாரியில்லை, விற்பதற்கென்று ஒரு சேலைதானும் இல்லை. சென்ற விடுமுறையில் அங்குத் தங்கியிருந்தபோது கண்டவற்றையும் பின்னர் ஆராய்ந்தறிந்தவற்றையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். நம் மாணவ அன்பருள் சிலர் படிப்பு முடியுமுன்னரே இத்தொழிலில் இறங்கக் கருதியிருத்தலை விடுதிப் பேச்சால் அறிவோம்.

இம்முறைக்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். விற்பவர் சரக்கை வாங்கி வைப்பதில்லை. மொத்த வியாபாரியின் சரக்கைப் படத்தாற் காட்டி, வாங்குவோரிடம் பணம் பெற்று, அதில் தம் இலாபத்தை நிறுத்திக்கொண்டு மிகுதியை வியாபாரிக்குச் செலுத்தினால், சரக்கு அவரிடமிருந்தே வாங்குவோர் வீட்டிற்கு நேரே சென்றுவிடும். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை நெசவுக்குப் பேர்போன ஊர். அவ்வூர் வியாபாரி ஒருவர் நாடோறும் காலையில் வாட்ஸ்அப் வழியே புதுச் சேலைகளின் படங்களை அனுப்புகின்றார். சித்தியார் அவற்றின் விலையை மாற்றி, உறவினர்க்கும் பழகியவர்க்கும் அனுப்புகின்றார். வேண்டுமென்றவர் யுபிஐ மூலம் பணம் செலுத்த, முகவரி இளம்பிள்ளைக்குப் போகின்றது. கூரியர்ப் பொதியின் மேல் அனுப்புநர் என்றிருப்பது சித்தியார் பெயரே. இவ்வொரு செய்தியை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

காணாத சரக்கிற்குப் பணங்கொடுக்கும் வழக்கம் புதிதன்று. நம் நாட்டு அஞ்சலகத்தார் 1877-லேயே வி.பி.பி. முறையை ஏற்படுத்தினர். அமெரிக்காவில் 1886-ல் ரிச்சர்ட் சியர்ஸ் என்னும் இரயில் நிலைய ஏஜண்டு, ஊர் நகைவியாபாரி ஏற்க மறுத்த கடியாரப் பொதியைத் தாம் பெற்று, வேறு நிலைய ஏஜண்டுகள் வாயிலாக விற்றுப் பொருளீட்டினார். 1999-ல் தோன்றிய ஜாப்போஸ் என்னும் காலணி நிறுவனம் முதற்கண் கடைகளிலிருந்த செருப்புகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டு, கேட்பவர் வந்த பின்னரே அக்கடைகளில் வாங்கி அனுப்பிற்று. 2015-ல் பெங்களூரில் தோன்றிய மீஷோ, இல்லத்தரசியர் பலரை இவ்வகை வியாபாரத்தில் ஈடுபடுத்தியது.

இனிக் கணக்கிற்கு வருவோம். இஃது எடுத்துக்காட்டாக யாமே வகுத்தது. மொத்த விலை 500 ரூபாய். கூரியர்க் கூலி 70. விற்கும் விலை 690. இலாபம் 120. பத்துச் சேலை விற்றால் 1,200 ரூபாய். கேட்க இனிதாகவே உளது! பத்தில் இரண்டு திரும்பின் எட்டிற்குரிய இலாபம் 960. திரும்பிய ஒவ்வொன்றிற்கும் போகவும் வரவும் கூலி 140. ஆக 280 கழிய, நிற்பது 680. இதுவும் வியாபாரி அவ்விரண்டையும் ஏற்று விலையைத் திருப்பித் தந்தால்தான். அவர் மறுப்பின் மேலும் 1,000 போய், 960-க்கு எதிராக 1,280 ரூபாய் செலவாகும். கைநஷ்டம் 320, கையில் எவரும் விரும்பாத இரண்டு சேலைகள். முதலில்லாத வியாபாரம் என்று விளம்பரஞ் செய்வோர் இக்கணக்கைக் காட்டக் கண்டிலோம்.

சித்தியார்க்கு நேர்ந்தது இதனினும் கொடிது. புதுமனை புகுவிழாவிற்கென அண்டை வீட்டார் ஒரே நிறத்தில் ஆறு சேலைகள் கேட்டனர். வழக்கமான வியாபாரியிடம் அந்நிறம் இல்லாமையால், படத்தை மட்டுமே கண்டு வேறொருவரிடம் சொல்லியனுப்பினார். வந்தவற்றை ஒருமுறை நனைத்ததும் சாயம் ஒழுகிற்று. 'நீரில் நனைந்ததைத் திரும்பப் பெறோம்' என்று எழுதிய அவ்வியாபாரி, பின்னர் அழைப்பையும் எடாது விட்டார். அண்டை வீட்டாரோ அவரைக் கண்டதுமில்லை. அவர் பெயரை அறிந்ததுமில்லை. பொதியின் மேலிருந்த பெயர் சித்தியாருடையதன்றோ! தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த தொகையிலிருந்து 4,140 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். கொடாதிருப்பின் அத்தெருவில் நடமாட இயலாது என்றார்.

சட்டமும் பெரிதும் அத்தெருவின் பக்கமே நிற்கின்றது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள், பழுதுற்ற பொருளையோ விளம்பரத்தில் கூறியபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுத்தலாகாது என்கின்றன. வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. மின்வணிக நிறுவனங்கள் வாயிலாகத் தம் மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறுவியாபாரிகள் ஜி.எஸ்.டி. பதிவின்றி விற்க 1-10-2023 முதல் இடமளிக்கப்பட்டது. ஆனால் வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்திற்கு விற்போர்க்குப் பொதுவாகப் பதிவு வேண்டும். ஓசூரைக் கடந்து பெங்களூருக்கு ஒரு சேலை போதலும் இதனுட்படும் என்பதைப் பலர் அறியார்.

கரும்பாலைத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒருநாள் எமக்கு வேறோர் எண்ணம் எழுந்தது. பிலிக்கல்பாளையம் ஏலத்திற்குச் செல்லும் உருண்டை வெல்லத்தையும் அச்சு வெல்லத்தையும் ஆலையினின்றே நேராக அனுப்பினால், இவ்வூர் வாங்கும் ஊராயிராது, வழங்கும் ஊராகுமன்றோ? ஆலைக்காரரிடம் கூறினோம். அவர் நகைத்து, மழைக்காலத்தில் வெல்லம் கசியும், உணவுப் பொருளாதலின் உரிமம் வேண்டும், கட்டியனுப்ப ஆள் வேண்டும் என்று ஒவ்வொன்றாய்க் கூறினார். எம் ஆர்வமும் சற்றுக் கசிந்தது. எனினும் நாட்டுச் சர்க்கரையை ஈரம் புகாப் பையிலிட்டு அனுப்புதல் இயலும் என்று அவரே பின்னர் ஒப்பினார்.

சித்தியார் வியாபாரத்தை விட்டாரல்லர். இப்போது எவ்வகைச் சேலையாயினும் ஒன்றைத் தம் பணத்தில் வருவித்து, மூன்றுமுறை துவைத்து, வெயிலில் உலர்த்தி, தாமே படமெடுத்த பின்னரே விலை கூறுகின்றார். யாம் விடைபெற்ற காலை, வாய்க்கால் ஓரத்துக் கொடியில் கத்தரிப்பூ நிறச் சேலையொன்று உலர்ந்துகொண்டிருந்தது. இரண்டாந் துவையல் என்றார்.