தொலைந்த திருகாணியும் சிக்கிய டம்ளரும்

"ரவுட்டர் டேபிளின் நடுத்தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளில் ஒன்றைக் காணவில்லை. 3டி பிரிண்டரில் ஒன்று அடித்துப் போட்டால் தாங்குமா?" மரவேலையில் ஆர்வமுள்ள வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாங்காது. நிற்க வைத்து அச்சடித்த பிளாஸ்டிக் திருகாணி அடுக்கடுக்காக வளர்ந்தது. அதை முறுக்கும்போது உண்டாகும் இழுவிசை அந்த அடுக்குகளைப் பிரிக்கிற திசையில்தான் வேலை செய்யும். முறியாமல் தப்பினாலும், தொடர்ந்து இழுபடும் பிளாஸ்டிக் நாளடைவில் நீண்டு தளர்ந்துவிடும். கைப்பிடிக் குமிழோ, தூசி உறிஞ்சும் குழாய்க்கு வளையமோ தொலைந்தால் தாராளமாக அச்சடித்துக்கொள்ளுங்கள். எந்த உதிரிபாகத்தையும் வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோக்களில் முழங்குகிறவர்கள் திருகாணி பக்கம் வருவதில்லை.

அவர் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. நன்றாக முறுக்கி வைத்த திருகாணி, யார் கையும் படாமல் எப்படிக் கழன்றது?

ரவுட்டர், மரத்தின் ஓரத்தை வடிவாகச் செதுக்கவும் பள்ளம் பறிக்கவும் தச்சர்கள் கையில் பிடித்து ஓட்டுகிற மிஷின். டேபிளில் அதைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். தகட்டுத் துளை வழியே வெட்டும் அலகான பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்; மரத்தை நாம் தள்ளிக் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 20,000 சுற்று, பிட்டில் இரண்டு வெட்டுமுனை என்றால், நொடிக்கு 660 தடவைக்கு மேல் மரத்தில் அடி விழுகிறது. அத்தனை அடியும் தகட்டுக்கும், தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிக்கும் போய்ச் சேரும். 'அதிர்வில் கழன்றுவிட்டது' என்று சொல்லி முடித்துவிடலாம். எல்லோரும் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. எம்6 என்ற மெட்ரிக் அளவுத் திருகாணியில் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறுகிறது, பிரித்து விரித்தால் சாய்வு சுமார் மூன்றரை டிகிரி. எஃகின் மேல் எஃகு தானாக வழுக்க, எண்ணெய் இல்லாத நிலையில் எட்டு டிகிரியாவது சாய்வு வேண்டும். அப்படியானால் அது ஆயுசுக்கும் அசையக் கூடாது. அச்சுத் திசையில் மேலும் கீழுமாக இழுத்து விட்டுச் சோதித்தபோதும் கொஞ்சம்தான் தளர்ந்தது, கழன்று விழவில்லை.

1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் ஆட்டத்தின் திசையை மாற்றினார். திருகாணி பிணைத்திருக்கும் தகடுகளைப் பக்கவாட்டில், முன்னும் பின்னுமாகச் சறுக்க வைக்கும் சோதனை மிஷின் அவருடையது. தகடு உண்மையிலேயே சறுக்கிவிட்டால், இறுக முறுக்கிய திருகாணிகூடச் சில நூறு அசைவுகளில் தானே பின்னோக்கிச் சுழன்று கழன்றுவிடும். திருகாணி கழலுமா என்று சோதிக்க இன்றும் உலகெங்கும் இந்த முறைதான்.

காரணம் உராய்வின் குணத்தில் இருக்கிறது. பொருள் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ, அதற்கு நேர் எதிரே மட்டும்தான் உராய்வு நிற்கும். ஒரு பக்கம் வழுக்கத் தொடங்கிவிட்டால், குறுக்கே வரும் சின்னத் தள்ளலைத் தடுக்கக்கூட அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது.

கழுவி அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளுமே, அதைப் பாருங்கள். நேராக இழுத்தால் வராது. திருகிக்கொண்டே இழுத்தால் பொசுக்கென்று வந்துவிடும். திருகும் கை உராய்வு முழுவதையும் சுற்றுத் திசையில் மல்லுக்கட்ட வைத்துவிட்டது; நேராக இழுப்பதைத் தடுக்க ஆளில்லை. திருகாணியிலோ பக்கவாட்டு ஆட்டம் உராய்வை வம்புக்கு இழுக்கிறது, அந்தச் சந்தில் மூன்றரை டிகிரிச் சாய்வு அதை இம்மியளவு பின்னுக்குச் சுற்றிவிடுகிறது. டம்ளரை இழுக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். திருகாணியில் அந்தக் கை உள்ளேயே இருக்கிறது: முறுக்கும்போது நாமே ஏற்றி வைத்த இழுவிசை. நிஜமாகவே ஒப்பிட்டுப் பார்க்க ஆசையிருந்தால், சிக்கிய டம்ளர் ஜோடியை ஓடுகிற கிரைண்டரின் பக்கத்தில் வாய் கீழாகக் கட்டி, உள் டம்ளரில் ஒரு குழம்புக் கரண்டியின் பாரத்தை மாட்டிவிடுங்கள். இட்லி மாவு அரைபடுவதற்குள் கரண்டியும் டம்ளரும் தரையில் கிடக்கும் என்று பந்தயம் கட்டுவேன். மாவில் விழுந்தால் வீட்டில் வாங்கும் திட்டுக்கு நான் பொறுப்பில்லை.

ஆக, சறுக்கலை நிறுத்தினால் கழலுவது நின்றுவிடும். சறுக்கலை நிறுத்துவது இறுக்கம். முறுக்கிய திருகாணி உண்மையில் இழுபட்ட ஒரு ஸ்பிரிங். அது சுருங்கப் பார்க்கும் விசைதான் தகட்டை அமுக்கிப் பிடிக்கிறது. ஆனால் எவ்வளவு நீள்கிறது தெரியுமா? 10 மி.மீ. நீளத்தை நன்றாக முறுக்கினாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். தலைக்கு அடியில் கொஞ்சம் மரத்தூள் மாட்டியிருந்து, வேலையின்போது அது அதே அளவுக்கு நசுங்கினால் போதும், இறுக்கம் முழுவதும் போய்விடும். குட்டைத் திருகாணிகள் முதலில் தொலைவது இதனால்தான். தகட்டை மட்டம் பார்க்கும், தலையில்லாத கிரப் ஸ்குரூக்கள் இன்னும் பாவம். அவற்றில் இழுவிசையே கிடையாது, தகட்டைச் சும்மா தாங்கி நிற்கின்றன.

'ஸ்பிரிங் வாஷர் போட்டால் போச்சு' என்பார் கடைக்காரர். முழு இறுக்கம் வருவதற்கு வெகு முன்பே அது தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு சாதாரண வாஷருக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. நாசா 1990-இல் வெளியிட்ட திருகாணிக் கையேடு, கழலாமல் பூட்டுவதற்கு இந்த வாஷர் பயனற்றது என்றே எழுதிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அது கிலோ கணக்கில் விற்கிறது.

தொலைந்ததற்குப் பதில் ஒன்று வாங்க, அதன் மரை எது என்று தெரிய வேண்டும். மரையின் வரலாறு ஒரு பத்திதான். மரைப் பல்லின் கோணத்தை 55 டிகிரி என்று 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் வகுத்தார். 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 60 என்றார். 1904-இல் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, உதவிக்கு வந்த வெளியூர்த் தீயணைப்புக் குழாய்களின் மரை அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் ஏறவில்லை. 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே இஞ்ச் மரைக்கு வந்தன. மற்றவர்கள் மெட்ரிக் பக்கம் போனார்கள். அமெரிக்க டேபிளில் இஞ்ச் மரையும் அதில் தொங்கும் ரவுட்டரில் மெட்ரிக் மரையும் சேர்ந்திருப்பது இதன் பலன்.

தொலைந்தது எது என்று கண்டுபிடிக்க, அதே வரிசையில் மிச்சமிருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றி ஸ்கேல் மேல் படுக்க வையுங்கள். பத்து மரைக்கு 10 மி.மீ. என்றால் எம்6. 12.7 மி.மீ. வந்தால் கால் இஞ்ச், நம் ஊர்க் கடை பாஷையில் ரெண்டு நூல். கடையில் ரெண்டு நூலுக்கு விட்வொர்த் மரை கொடுத்தால் பயப்பட வேண்டாம். கோணம் மாறினாலும் இரண்டிலும் இஞ்சுக்கு 20 மரைதான், ஏறிவிடும். ஒன்றுகூட மிச்சமில்லையா? துளையைவிடச் சற்றே தடித்த மெதுமரக் குச்சியை நுனி சீவி, துளைக்குள் அழுத்தித் திருகி எடுங்கள். மரை அச்சாகக் குச்சியில் பதிந்திருக்கும். அதை எண்ணிக்கொள்ளலாம்.

ஏறாத திருகாணியால் தொல்லை இல்லை. ஏறுவது போல் நடிக்கிறதே, அதுதான் தொல்லை. அமெரிக்க 10-32 திருகாணியின் விட்டம் 4.83 மி.மீ., மரை இடைவெளி 0.794 மி.மீ.; எம்5-க்கு 5 மி.மீ., 0.8 மி.மீ. முன்னது பின்னதன் துளையில் வெண்ணெயாக இறங்கும். ஆனால் மரையும் மரையும் முழுதாகக் கவ்வாது. நன்றாக முறுக்கினால் மரை போய்விடும். தலையிலும் சூது உண்டு. தகட்டோடு பதியும் மெட்ரிக் தலையின் கூம்பு 90 டிகிரி, அமெரிக்கத் தலை 82. மாற்றிப் போட்டால் தலை விளிம்பில் மட்டும் உட்காரும், அந்த விளிம்பு நசுங்கியதும் இறுக்கம் காலி. கூடவே தலை துருத்திக்கொண்டு, தள்ளும் மரத்தைத் தடுக்கும்.

புதிதைப் போடுவதற்கு முன் பழையது எங்கே என்று தேடுங்கள். கார்பைடு வெட்டுமுனை கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. 20,000 சுற்றில் அது ஒரு திருகாணியைச் சந்திக்கக் கூடாது. மரத்தூளில் காந்தத்தை விட்டுத் துழாவலாம். துருப்பிடிக்காத எஃகு என்றால் காந்தத்தில் சரியாக ஒட்டாது, கையால் சலிக்க வேண்டியதுதான்.

கிரப் ஸ்குரூக்களுக்கு மட்டும் மரையில் ஒரு சொட்டு நீல நிறப் பூட்டுப்பசை. 1950-களில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் உருவாக்கிய சரக்கு இது. ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருக்கும். காற்றுப் புகாத மரை இடுக்கில், உலோகம் தொட்டதும் கெட்டியாகும். பாட்டில் பாதி காலியாக வருவதும் இதற்காகத்தான், கடைக்காரரோடு சண்டை வேண்டாம். மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் இது சரியாக இறுகாது.

மற்ற திருகாணிகளுக்குப் பசை வேண்டாம். தலை உட்காரும் இடத்தைத் துடைத்து, முழுசாக முறுக்கி, தலையிலிருந்து தகடு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கோடு விலகியிருந்தால் தகடு எங்கோ சறுக்குகிறது என்று அர்த்தம். இன்னும் பலமாக முறுக்காதீர்கள். கழற்றி, தலைக்கு அடியில் மரத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.