மண்டபமும் மண்ணும்: லிங்கன் சென்ரர் பற்றிச் சில குறிப்புகள்

கலை அரங்கு ஒன்றைப் பற்றி எழுதும்போது நாம் வழமையாக மேடையைப் பற்றியே எழுதுகிறோம். யார் பாடினார், யார் ஆடினார், ஒலி எப்படி இருந்தது என்பதோடு எமது விமர்சனம் முடிந்துவிடுகிறது. அந்த மேடை எந்த மண்ணில் நிற்கிறது, அங்கு முன்பு யார் இருந்தார்கள் என்ற கேள்விகள் கலைக்குப் புறம்பானவையாகக் கருதப்படுகின்றன. இப்படிப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு நியூயோர்க்கின் லிங்கன் சென்ரர் நல்ல உதாரணம்.

அது தனிக் கட்டிடம் அல்ல. மான்ஹற்றனின் மேற்குப் பகுதியில், 62ஆம் வீதிக்கும் 66ஆம் வீதிக்கும் இடையில், ஏறத்தாழ 16 ஏக்கரில் அமைந்த ஒரு வளாகம். நடுவே நீரூற்றுடன் ஒரு சதுக்கம். கிழக்கிலிருந்து உள்ளே வருபவருக்கு நேரெதிரே மெட்ரோபொலிற்றன் ஒபேரா மாளிகை (1966). அதில் ஏறத்தாழ 3,800 ஆசனங்கள் உள்ளன. வலப்புறம் 1962இல் திறக்கப்பட்ட சிம்பனி மண்டபம், இடப்புறம் 1964இல் திறக்கப்பட்ட பாலே அரங்கு. பின்னால் கட்டிடக்கலைஞர் ஏரோ சாரினென் வடிவமைத்த நாடக அரங்கும், நிகழ்த்துகலைகளுக்கான பொது நூலகமும். வடக்கே ஜூலியார்ட் இசைக் கல்லூரி.

இவ்வளவும் வருவதற்கு முன்னர் அது வெற்றுநிலமாக இருக்கவில்லை.

அழிக்கப்பட்ட குடியிருப்பு

அப்பகுதியின் பெயர் சான் ஹுவான் ஹில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹார்லெம் கறுப்பின மக்களின் தலைநகரமாவதற்கு முன்னர், மான்ஹற்றனில் அவர்கள் செறிந்து வாழ்ந்த முக்கிய இடங்களில் ஒன்று அது. ஜேம்ஸ் பி. ஜோன்சன் அங்குள்ள நடனக்கூடம் ஒன்றில் பியானோ வாசித்தார். தென் கரோலினாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கு ஆடிய ஆட்டத்திலிருந்தே, 1920களில் உலகமெங்கும் பரவிய 'சார்ள்ஸ்ரன்' இசை பிறந்தது. நவீன ஜாஸின் மேதைகளில் ஒருவரான தெலோனியஸ் மொங்க் வளர்ந்ததும் அங்கேதான். பின்னர் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் ஏழை வெள்ளையரும் அப்பகுதியில் கலந்து வாழ்ந்தனர்.

அதாவது, இசைக்கு ஒரு மாளிகை கட்டுவதற்காகத் தெரிவுசெய்யப்பட்ட இடம் ஏற்கெனவே இசை பிறந்த இடம்.

இந்த அழிப்புக்குக் குண்டோ இராணுவமோ தேவைப்படவில்லை. சட்டம் போதுமானதாக இருந்தது. 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் முதலாம் பிரிவு பின்வருமாறு இயங்கியது: மாநகரசபை ஒரு பகுதியைச் 'சேரி' என அறிவிக்கும். பொதுநோக்கம் என்ற பெயரில் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும். பின்னர் அதனைக் குறைந்த விலைக்குத் தனியார் முதலீட்டாளருக்கோ நிறுவனத்துக்கோ விற்கும். இதில் ஏற்படும் நட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசும் எஞ்சியதை நகரமும் ஏற்கும். நியூயோர்க்கில் இந்தப் பொறியை இயக்கியவர் ரொபேர்ட் மோஸஸ். அவர் எந்தத் தேர்தலிலும் வெற்றிபெற்றவர் அல்ல. ஆனால் நகரசபைத் தலைவர்கள் மாறியபோதும் அவர் மாறவில்லை. கலை மையத்துக்குப் பணம் திரட்டும் பணிக்கு ஜோன் டி. ரொக்பெல்லர் III தலைமை வகித்தார்.

இத்திட்டத்தால் 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்களும் ஏறத்தாழ 800 சிறு வியாபாரங்களும் அகற்றப்பட்டன. குடியிருப்பாளர் கூட்டம் கூட்டினர், ஊர்வலம் போயினர், வழக்கும் தொடுத்தனர், தோற்றனர். 1959 மே 14ஆம் திகதி ஜனாதிபதி ஐசனோவர் மண்வெட்டியால் முதல் மண்ணை வெட்டினார். லெனார்ட் பேர்ன்ஸ்ரைன் இசைக்குழுவை நடத்தினார். அடுத்த ஆண்டு, அதே பேர்ன்ஸ்ரைன் இசையமைத்த 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி'யின் திரைப்படத்துக்கு, இடிக்கப்படக் காத்திருந்த அந்த வீதிகளே காட்சிக்களமாயின. புவேர்ட்டோ ரிக்க இளைஞர்களைப் பற்றிய கதை அழியாப் புகழ் பெற்றது. அத்தகைய இளைஞர்கள் வாழ்ந்த வீடுகள் மண்ணாயின!

சுவரில் இரண்டு ஓவியங்கள்

ஒபேரா மாளிகையின் உயர்ந்த கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னால் மார்க் ஷாகல் வரைந்த இரு பேரோவியங்கள் தொங்குகின்றன: ஒன்று இசையின் ஊற்றுகள், மற்றது இசையின் வெற்றி. ஒன்றில் சிவப்பு மேலோங்குகிறது, மற்றதில் மஞ்சள். பறக்கும் தேவதைகள், வாத்தியங்கள், தலைகீழான உருவங்கள். இரவில் விளக்கேற்றியதும் சதுக்கத்தில் நிற்கும் எவருக்கும் அவை தெரியும். காலையில் வெயில் படாமல் திரையிட்டு மூடுவார்கள். ஒபேராவுக்கு ரிக்கற் வாங்க வசதியற்ற நாட்களில் நான் அவற்றை வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே போன ஒரேயொரு தடவையும் மேல்மாடத்து மலிவு ஆசனத்துக்கு ஏறும் வழியில் அவற்றின் முன்னேயே அதிக நேரம் நின்றேன்.

ஷாகல் விற்றெப்ஸ்க் நகரத்து யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1941இல் நியூயோர்க் வந்து சேர்ந்த அகதி. அப்போது ஒபேராவின் முகாமையாளராக இருந்த ருடோல்ப் பிங்கும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு வெளியேறிய வியன்னா யூதர். துரத்தப்பட்டவர் ஒருவர் நிர்வகித்த மாளிகைக்குத் துரத்தப்பட்ட மற்றொருவர் வரைந்த ஓவியங்கள், வேறு மக்கள் துரத்தப்பட்ட மண்ணில் தொங்குகின்றன. இதற்காக ஷாகலைக் குற்றம் சாட்டும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் ஓர் அகதியின் துயரம் இன்னொருவரின் வெளியேற்றத்தைத் தானாகவே கண்டுகொள்வதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எம்மவருக்கும் இது பொருந்தும்.

இந்த ஓவியங்களுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. 2009இல், பொருளாதார நெருக்கடியின்போது, ஒபேரா நிர்வாகம் அவற்றை வங்கிக் கடனுக்கு ஈடாக வைத்தது. பாலே அரங்கில் உள்ள ஜஸ்பர் ஜோன்ஸின் 'எண்கள்' என்ற படைப்பை 1999இல் விற்பதற்கு முயற்சி நடந்து, எதிர்ப்பு எழுந்ததால் கைவிடப்பட்டது. சிம்பனி மண்டபத்தின் முன்கூடத்தில் ரிச்சர்ட் லிப்போல்ட் அமைத்த, உலோகத் தகடுகள் மிதப்பதுபோன்ற 'ஓர்ஃபியஸும் அப்பொலோவும்' 2014இல் பாதுகாப்புக் காரணம் காட்டிக் கழற்றப்பட்டது. அந்த மண்டபத்துக்கென்றே பிறந்த சிற்பம் பின்னர் லகார்டியா விமான நிலையத்துக்குச் சென்றது. கலைப்படைப்பு நிரந்தரமானது, மனிதரே வந்துபோகிறவர்கள் என்று சொல்வார்கள். இங்கோ படைப்பும் இடம்பெயர்கிறது.

ஒலியும் பெயரும்

சிம்பனி மண்டபத்தின் கதை தனியானது. ஒலியியல் நிபுணர் லியோ பெரனெக் சிறந்த பழைய மண்டபங்களின் செவ்வகப் பெட்டி வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஆசனங்களை அளவோடு வைக்கும்படி ஆலோசனை கூறினார். ஆசனங்கள் போதாது என்று பத்திரிகைகளில் குரல் எழுந்தது. எண்ணிக்கை கூட்டப்பட்டது, சுவர்களின் வடிவம் மாற்றப்பட்டது. திறந்தபோது தாழ்ந்த சுரங்கள் மெலிந்தன; மேடையில் இருந்த கலைஞர்களால் ஒருவரையொருவர் சரிவரக் கேட்க முடியவில்லை. 1976இல் உட்புறம் முழுவதையும் இடித்துக் கட்டினர். அப்போதும் திருப்தி இல்லை. இறுதியில் 55 கோடி டொலர் செலவில், ஆசனங்களை ஏறத்தாழ 2,700இலிருந்து 2,200 ஆகக் குறைத்து, மேடையை முன்னே நகர்த்தி, சபையோர் சூழ இருக்கும்படி அமைத்து, 2022 ஒக்ரோபரில் திறந்தனர். ஒரு மண்டபத்தின் ஒலியைத் திருத்த 60 ஆண்டுகள்!

பெயர்களும் மாறின. 1973இல் ஏறத்தாழ ஒரு கோடி டொலர் கொடுத்த வானொலிப்பெட்டி உற்பத்தியாளர் ஏவ்ரி ஃபிஷரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அப்பெயரை விட்டுக்கொடுப்பதற்காக 2014இல் அவரது குடும்பத்துக்கு ஒன்றரைக் கோடி டொலர் வழங்கப்பட்டது. 2015இல் பத்துக் கோடி கொடுத்த டேவிட் கெஃபனின் பெயர் வந்தது. எதிரே உள்ள அரங்கு பொதுப்பணத்தில் கட்டப்பட்டு 'நியூயோர்க் மாநில அரங்கு' என்றே அழைக்கப்பட்டது. 2008 முதல் அது எண்ணெய் முதலாளி டேவிட் கோக்கின் பெயரைத் தாங்குகிறது. பெயருக்கு விலை உண்டு, அதை மீட்கவும் விலை உண்டு. சான் ஹுவான் ஹில் என்ற பெயருக்கு மட்டும் நெடுங்காலம் விலையே இருக்கவில்லை.

நினைவு திரும்பியபோது

2022இல் அப்பெயர் திரும்பி வந்தது. புதிய மண்டபத்தில் ஒலித்த முதல் பெரும் படைப்பு, ரினிடாட்டில் பிறந்த எற்றியன் சார்ள்ஸின் 'சான் ஹுவான் ஹில்'. மண்டபத்தின் வெளிமுகத்தில் நீனா ஷனெல் அப்னி அப்பகுதி மக்களையும் வாழ்வையும் உரத்த நிறங்களில் சித்திரித்தார். முன்கூடத்தின் நீண்ட திரைக்கு ஜகோல்பி சற்றர்வைற் காணொளி ஒன்றை உருவாக்கினார். மூவரும் கறுப்பினக் கலைஞர்கள்.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? 'மேட்டுக்குடியினரின் குற்றவுணர்வுக்குப் பூசிய மருந்து' என்று சிலர் ஒதுக்கிவிடுவர். கலை தன் கடமையைச் செய்துவிட்டது, இனி என்ன என்று வேறு சிலர் திருப்தியடைவர். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அறுபது ஆண்டுகள் மறைக்கப்பட்ட பெயரை அதே மண்ணில் உரத்து ஒலிக்கச் செய்வது சிறிய காரியம் அல்ல. ஆனால் ஹார்லெமுக்கும் புரொங்ஸுக்கும் சிதறிய குடும்பங்களுக்கு ஒரு வீடுகூட இதனால் திரும்பவில்லை. நினைவுகூரல் வேறு, ஈடுசெய்தல் வேறு. முன்னையதைக் காட்டிப் பின்னையதை முடிந்த விடயமாக்குவதைத்தான் நாம் மறுக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை உண்மையான அளவுகோல் ஓவியத்தில் இல்லை. வளாகத்தின் மேற்கு எல்லையில் இருக்கிறது. அங்கு அம்ஸ்ரடாம் அவெனியூவுக்கு மறுபுறம், 1940களில் கட்டப்பட்ட அரசாங்க வாடகைக் குடியிருப்பு இருக்கிறது. சான் ஹுவான் ஹில்லில் எஞ்சிய ஏழைகளின் இருப்பிடம் அது. லிங்கன் சென்ரர் தன் முகத்தைக் கிழக்கே திருப்பி வைத்து, இவர்களுக்கு ஒரு சுவரையே காட்டியது. அந்தச் சுவரை நீக்கி அப்பக்கத்தைத் திறப்பதற்கான வடிவமைப்பு 2025இல் வெளியிடப்பட்டது. திறக்கும் வழியால் யார் உள்ளே வருவார்கள், வந்தவர்கள் பார்வையாளராக மட்டும் இருப்பார்களா, நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் இடத்திலும் அமர்வார்களா என்பதே கேள்வி.

புலம்பெயர்ந்த நாடுகளின் பெருநகர மண்டபங்களை வாடகைக்கு எடுத்து நாம் விழா நடத்துகிறோம். மண்டபத்தின் ஒலிபெருக்கியைப் பற்றியும் வாகனத் தரிப்பிடத்தைப் பற்றியும் விசாரிக்கிறோம். எங்கள் ஊர்களின் பெயர்கள் அழிக்கப்படுவதைப் பற்றி அம்மேடைகளில் நின்று பேசுகிறோம். அந்த மண்ணில் முன்பு எந்தப் பெயர் இருந்தது என்றும் விசாரிக்கும் பழக்கம் எமக்கு வருமானால், எமது நியாயம் அதனால் குறைந்துவிடாது. அதற்கு மேலும் வலுச்சேரும் என்றே நான் நம்புகிறேன். நண்பர்கள் இது பற்றி விவாதிக்க முன்வர வேண்டும்.