கடலில்லா நகரத்தின் கப்பல்

பாரிஸ் மாநகரின் பள்ளிகளிலும் பொதுக் கட்டடங்களிலும் ஒரு கப்பலின் உருவம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கடலோ அந்நகருக்கு வெகு தொலைவில் உள்ளது. கடலில்லா ஊருக்குக் கப்பல் எங்ஙனம் வந்தது? இதற்கு விடை காண நாம் சுமார் 800 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர் கேடயங்களில் சிங்கம், கழுகு, சிலுவை முதலிய உருவங்களைத் தீட்டிக்கொள்ளலாயினர். இரும்புக் கவசம் முகத்தை மறைத்ததால், தம்மவன் யார், மாற்றான் யார் என்று அறியவே இவ்வழக்கம் எழுந்தது என்பர். தொலைவிலிருந்தே தெரிய வேண்டுமன்றோ? ஆகவே ஒரு விதி வகுத்தனர். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகத்தையோ, வண்ணத்தின்மேல் வண்ணத்தையோ வைத்தலாகாது.

வீரரின் சின்னம் வணிகரின் ஊருக்கு வந்தது முத்திரையின் வழியாக. எழுதப் படிக்க அறிந்தோர் சிலராயிருந்த அக்காலத்தில், மெழுகில் பதித்த முத்திரையே கையொப்பம். ஸீன் நதியில் சரக்கேற்றிச் செல்லும் தனியுரிமை பெற்றிருந்த பாரிஸ் நீர்வழி வணிகர் சங்கம், 1210ஆம் ஆண்டளவில் படகு பொறித்த முத்திரையை வழங்கிவந்தது. நாளடைவில் அச்சங்கத்தின் தலைவரே நகர நிர்வாகத்திற்கும் தலைவரானார். படகும் நகரத்தின் சின்னமாயிற்று. அந்த எளிய நதிப்படகு ஓவியர் கையில் பாய்மரக் கப்பலாக வளர்ந்தது வேறு கதை!

செந்நிறக் கேடயத்தில் வெள்ளிக் கப்பல். அதற்கு மேலே நீலப் பட்டையில் பொன் லில்லி மலர்கள். அம்மலர்கள் பிரெஞ்சு அரசருக்கு உரியவை. சிவப்பின்மேல் நீலம் வரலாமா, விதி என்னாயிற்று என்று கூர்ந்து நோக்கும் மாணவர் வினவலாம். சின்னக்கலை வல்லுநர் இதற்கும் வழி கண்டனர். நீலப் பட்டை சிவப்பின்மேல் வைக்கப்பட்டதன்று, அதனோடு சேர்த்துத் தைக்கப்பட்டது என்றார்கள்! அரசர் மனமும் கோணாமல், இலக்கணமும் பிழையாமல் காத்த சாமர்த்தியம் இது.

அரசரையே அசைத்த புரட்சி வந்தது. 1790 ஜூன் மாதத்தில் பிரபுக்களின் பட்டங்களோடு குலச்சின்னங்களும் ஒழிக்கப்பட்டன. நகரச் சின்னமும் உடன் மறைந்தது. 1811இல் நெப்போலியன் கப்பலைத் திருப்பித் தந்தார். ஆனால் அதன் முகப்பில் இஸிஸ் என்னும் எகிப்தியத் தேவியையும், லில்லி மலர் இருந்த இடத்தில் தம்முடைய பொன் தேனீக்களையும் அமர்த்தினார். அவர் வீழ்ந்தபின், 1817இல், தேனீக்கள் பறந்தன, லில்லிகள் மீண்டன.

கேடயத்தின் கீழே ஓர் இலத்தீன் வாசகம் உண்டு: ‘ஃப்ளுக்டுவாட் நெக் மெர்கிடுர்’. அலைகளில் தத்தளிக்கும், ஆயினும் மூழ்காது என்பது பொருள். பழைய வழக்கிலிருந்த இதனை 1853இல் நகரின் நிர்வாகியாயிருந்த ஹௌஸ்மான் அதிகாரபூர்வமாக்கினார். பலரும் பொருள் நோக்காது கடந்துசென்ற வாசகம் அது. 2015 நவம்பர் 13ஆம் நாள் இரவு, பாரிஸிலும் அதன் புறநகரிலும் பயங்கரவாதிகள் 130 பேரைக் கொன்றனர். அடுத்த நாளே ஓவியர் சிலர் குடியரசுச் சதுக்கத்திற்குச் சென்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளால் அந்த வாசகத்தைப் பெரிதாகத் தீட்டினர். மக்கள் அதன் முன்னே மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்தனர்.