கல்லமேட்டு எலும்பும் எண்ணூர் உரமும்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ஒரு டைனோசரின் கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அந்த டைனோசருக்கு பிரஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். நிலத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். எலும்பு இன்று நம்மிடம் இல்லை. மண்ணைவிட்டு வெளியே வந்தபின் உதிர்ந்துபோனது. வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். பெரிய இழப்பு. ஆனால் அதற்கு முன் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள் அது எப்படித் தாங்கியது?

எலும்பின் கனிமப் பகுதி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகங்கள். விலங்கு புதையுண்டதும் நிலத்தடி நீரின் ஃப்ளோரின் படிகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்த ஹைட்ராக்சிலை வெளியேற்றி இடம்பிடிக்கிறது. படிகம் இறுகிவிடும், எளிதில் கரையாது. பற்பசையின் ஃப்ளோரைடு நம் பல்லுக்குச் செய்வதும் இதே வேலைதான். கூடவே யுரேனியமும் அருமண் தனிமங்களும் எலும்பில் குடியேறும். அவற்றை அளந்து, எலும்பு எத்தகைய நீரில் ஊறிக் கிடந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

ஃப்ளோரின் ஏறிய இந்த அபடைட்தான் உரத்துக்கான பாஸ்பேட் பாறையிலும் இருக்கிறது. மொராக்கோவின் கூரிப்கா பகுதிச் சுரங்கங்களில் பாறையோடு மொசாசார் என்ற கடல் ஊர்வனவற்றின் பற்களும் வருகின்றன. செனானிசாரஸ் என்ற டைனோசரின் தாடை அங்கே கிடைத்த செய்தி 2017-இல் வெளியானது.

கரையாத பாறையைப் பயிர் உண்ணாது. எனவே அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, பாஸ்பாரிக் அமிலம் எடுத்து, அமோனியா சேர்த்து உரமாக்குகிறார்கள். சென்னையை ஒட்டிய எண்ணூரின் உர ஆலையில் நடப்பது இதுதான். 1 டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு ஈடான பாஸ்பாரிக் அமிலம் எடுக்க ஏறத்தாழ 5 டன் ஜிப்சம் கழிவாகிறது. அமோனியாவின் ஆபத்தை ஊரே அறியும்: 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம் மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடின.

நாம் பாஸ்பேட் பாறைக்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கிறோம். பாஸ்பரஸுக்கு எந்தப் பயிரிலும் மாற்று இல்லை. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்ததை நாம் வயலில் தூவி, சோறாக உண்டு, சாக்கடையில் விடுகிறோம். சென்னை கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள்; அருமையான பணி. கழிவுநீரில் மக்னீசியம் சேர்த்தால் பாஸ்பரஸ் ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகப் படியும். அதையே உரமாக இடலாம். உலகின் சில நகரங்கள் ஏற்கெனவே இப்படிச் செய்கின்றன. நீரை மீட்கும் கொடுங்கையூரிலேயே பாஸ்பரஸையும் மீட்கத் தொடங்கலாம்.