சமுதாயக் கல்லூரியில் கணிப்பொறிக் கல்வி

பள்ளிக் கல்வியை முடித்தவர்க்கு அவர் வாழும் வட்டாரத்திலேயே, குறைந்த கட்டணத்தில், பெரும்பாலும் ஈராண்டுக் கல்வி அளிக்கும் நிறுவனமே சமுதாயக் கல்லூரியாகும். அமெரிக்காவில் 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தோன்றிய கல்லூரி இவ்வகையில் மூத்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-ல் அளித்த அறிக்கைக்குப் பின்னர் இப்பெயர் பரவலாயிற்று.

இக்கல்லூரிகளில் கணிப்பொறி பயில வருவோர்க்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, வலையமைப்புப் பராமரிப்பு, தரவுப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்கு நேரடியாகப் பயிற்றுவிப்பது. மற்றொன்று, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வதற்கு ஆயத்தம் செய்வது. இரண்டும் அசோசியேட் பட்டம் என்றே வழங்குகின்றன. வேற்றுமை கணிதத்தில் உள்ளது. கலிபோர்னியாவில் இரண்டாம் வழியைத் தேர்ந்த மாணவர், நிரல் எழுதும் பாடங்களுடன் நுண்கணிதம், தனிநிலைக் கணிதம், கணிப்பொறிக் கட்டமைப்பு ஆகியவற்றிலும் தேர்ச்சி பெற வேண்டும். முதல் வழியில் சென்றவர் திறமைமிக்க பணியாளராக விளங்கக்கூடும். ஆனால் பின்னாளில் பட்டம் பெற விழையும்போது, தாம் பயின்றவற்றுள் பெரும்பகுதி கணக்கில் கொள்ளப்படாததைக் கண்டு திகைப்பார். பதினெட்டு வயதில், பாடப்பட்டியலில் ஒன்றுபோல் தோன்றும் இரு பெயர்களுள் ஒன்றைக் குறித்ததன் விளைவு இது.

இக்குறையைக் களைய, 2010-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 60 மதிப்பலகுகள் கொண்ட மாற்றுப் பட்டம் பெற்றவர்க்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. எஞ்சிய 60 அலகுகளில் பட்டத்தை முடிக்கலாம். எனினும், விரும்பிய வளாகத்தில் இடம் கிடைக்குமென்று சட்டம் கூறவில்லை. பிரச்சினையின் அளவு சிறியதன்று. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள், தாம் ஈட்டிய அலகுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தனர் என அந்நாட்டு அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. இது எல்லாத் துறைகளுக்குமான கணக்கு.

நம் நாட்டில் 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் இம்முயற்சியைத் தொடங்கியது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அறிவிக்கப்பட்டது. பட்டயம், உயர் பட்டயம், பி.வோக். பட்டம் என ஏணி அமைக்கப்பட்டது. 2021-ல் கல்வி மதிப்பலகு வங்கியும் வந்தது. ஆனால் வங்கியில் இருப்பு உள்ளது என்பது வேறு, அந்நாணயத்தைக் கடைக்காரர் ஏற்பது வேறு. சேர்க்கும் கல்லூரி பாடத்திட்டத்தை ஒப்புநோக்கும்போது மீண்டும் கணிதமே குறுக்கிடும். அலுவலக மென்பொருள்களைக் கையாளப் பழக்குவதோடு நின்றுவிடும் பட்டயத்தை, பொறியியல் அல்லது கணிப்பொறி அறிவியல் துறை எதனுடன் ஒப்பிடும்?

பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது மாணவர் யாவரும் அறிந்த செய்தி. விதி எழுத்தில் இருப்பதே அதற்குக் காரணம். சமுதாயக் கல்லூரியும், தன் பட்டயம் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பட்டப்படிப்பில், எந்த ஆண்டில் ஏற்கப்படும் என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே அச்சிட்டுத் தருதல் வேண்டும். எங்கும் ஏற்கப்படாதெனின், அதையும் அச்சிடட்டும்.