கோட்டை உடையவில்லை, கையிருப்புதான் தீர்ந்தது: மருதநாயகமும் உங்கள் எமர்ஜென்சி ஃபண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். தெரியாதவர்களுக்காக: ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே அருவி. கூட வந்தது என் சித்தப்பா பையன். வயது 26, சென்னையில் ஐடி வேலை, கையில் வருவது மாதம் 45 ஆயிரம்.

குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். பையன் போனை நீட்டினான். "அண்ணே, 3 லட்சம் பெர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டுன்னு வந்திருக்கு. மூணு வருஷம், 14 பெர்சன்ட். மார்க்கெட் இறங்கியிருக்குல்ல, மொத்தமா மிட்கேப்ல போட்டுட்டா?"

உடனே "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அட்வைஸ் கேட்டுத் திருந்தியவர்களை என் பிராக்டீஸில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் கதை சொன்னேன். அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெற்கே தென்காசி ரோட்டைப் பிடித்தால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று வரிசையாக ஊர்கள் வரும். எல்லாம் பழைய பாளையங்கள். வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே, சங்கரன்கோவில் பக்கம், பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். 1755-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு இந்தப் பக்கம் படை எடுத்து வந்தார். என்ன வேலையாக? பாக்கி வசூல். எளிமையாகச் சொன்னால், இன்றைய ரெக்கவரி ஏஜென்ட், பின்னால் பீரங்கியோடு.

நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் நின்று 20 ஆயிரம் ரூபாய் கேட்டார். பூலித்தேவர் தரவில்லை. அவர் வெறும் வீரத்தில் மறுத்தார் என்று மேடையில் சொல்வோம். எனக்கு என்னவோ அவர் எதிராளியின் பேலன்ஸ் ஷீட்டைப் படித்துவிட்டு மறுத்தார் என்றே தோன்றுகிறது. கோட்டைச் சுவரை இடிக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. படைக்குச் சாப்பாடும் தட்டுப்பாடு, சம்பளமும் இழுபறி. இப்படி வந்த படை எத்தனை நாள் நிற்கும்? நிற்கவில்லை. கிளம்பிப் போய்விட்டது. சென்னைக்குத் திரும்பிய ஹெரானை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, வேலையிலிருந்தே நீக்கினார்கள்.

"இப்ப உன் கதைக்கு வா" என்றேன். 3 லட்சம் கடன், 14 சதவீதம், 36 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 10,253 ரூபாய். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 69 ஆயிரம் தாண்டும். நீ வாங்கும் பங்கு ஏறுமா இறங்குமா என்பது அப்புறம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி 10,253 ரூபாய் போகப் போகிறது, அது மட்டும் நிச்சயம். மார்க்கெட் ஒன்றரை வருடம் படுத்தே கிடந்தால், அதற்குள் உன் கம்பெனியில் ஆள் குறைத்தால், நீ கிளம்பித்தான் ஆக வேண்டும். ஹெரான் மாதிரி.

பையன் கொஞ்சம் யோசித்தான். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். "அண்ணே, அவன் தப்பான ஆளு. நல்ல ஜெனரலா இருந்தா ஜெயிச்சிருப்பான்."

சரி, நல்ல ஜெனரல் கதைக்கே போவோம்.

யூசுப்கான். மருதநாயகம் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். 1997-ல் எலிசபெத் மகாராணியே வந்து தொடக்க விழாவில் கலந்துகொண்ட கமல் படம். அந்தப் படமும் முதலீட்டுப் பிரச்சனையில்தான் நின்றுபோனது என்பது தனி சோகம்.

இந்த மனிதர் கம்பெனிப் படையில் சிப்பாயாக இருந்து கமாண்டன்ட் ஆனவர். 1759 கடைசியில் வாசுதேவநல்லூர் கோட்டையைத் தாக்கி, முடியாமல் திரும்பினார். விட்டுவிடவில்லை. 1761-ல் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தே விட்டார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகமும் வரி வசூலும் அவர் கையில் வந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் வீதம் இன்னும் நான்கு ஆண்டுக்குக் குத்தகை கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆள் ரொம்பப் பெரியவனாக வளர்கிறான் என்ற பயம் நவாபுக்கு. கடைசியில் 1763-ல் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று அறிவித்துவிட்டு, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

இனிமேல்தான் கவனமாகப் படியுங்கள். கம்பெனியும் நவாபும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டார்கள். 1763-ல் மழைக்காலம் வந்ததும் தாக்குதல் நின்றது. அடுத்த வருடம் திரும்ப வந்தார்கள். 1764 ஜூன் 26-ல் சுவரை உடைத்துப் பெரிய தாக்குதல் நடத்தினார்கள். தோற்றார்கள். யூசுப்கான் கோட்டையை அப்படிக் கட்டி வைத்திருந்தார்.

அதன்பிறகு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. மோதுவதை விட்டுவிட்டு, உள்ளே எதுவும் போகாமல் வழிகளை மட்டும் அடைத்தது. அரிசி போகவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு. வாரங்கள் போகப் போக உள்ளே இருந்தவர்கள் குதிரையைக்கூட விட்டு வைக்கவில்லை. பசித்த படையில் விசுவாசம் எவ்வளவு நாள் இருக்கும்? அக்டோபரில், அவர் தொழுகையில் இருந்த நேரத்தில், சொந்த திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ஷாங்கும் சேர்ந்து அவரைக் கட்டிப்போட்டு எதிரியிடம் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

நம் ஆட்கள் இதைத் துரோகக் கதையாகவே சொல்வார்கள். துரோகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் அதே ஆட்கள்தான் அவருக்காகச் சண்டை போட்டார்கள். நடுவில் மாறியது சுவரும் இல்லை, தளபதியும் இல்லை. கிடங்கு காலியானது, அவ்வளவுதான்.

எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் லிக்விடிட்டி. தமிழில் பாடப்புத்தகக்காரர்கள் 'நீர்மைத்தன்மை' என்று எழுதுவார்கள். படிக்கும் காலத்தில் இந்த வார்த்தையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மதுரை முற்றுகையைப் படித்தபிறகு சிரிப்பு வரவில்லை.

சரி, இவ்வளவு பேசுகிறேனே, நான் எப்படி? சேனலில் இதுவரை சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

2020 மார்ச். சிஏ முடித்து, வேலையில் இருந்து, ஊருக்கெல்லாம் டாக்ஸ் பிளானிங் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஈக்விட்டி ஃபண்டில் 4 லட்சம் போட்டிருந்தேன், ஜனவரியில் அது 4 லட்சத்து 60 ஆயிரம் ஆகியிருந்தது. சேவிங்ஸ் கணக்கில் இருந்தது 18 ஆயிரம். "பணம் சும்மா தூங்கக்கூடாது" என்று நானே நாலு பேருக்குச் சொன்னவன். மார்ச் மூன்றாவது வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. உடனே ஆபரேஷன், இரண்டரை லட்சம் ஆகும் என்றார்கள். அப்பாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்தது மட்டும்தான்.

மார்ச் 23, திங்கட்கிழமை காலை ஃபண்டை விற்க ஆர்டர் போட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலையிலேயே 10 சதவீதம் விழுந்து, மார்க்கெட்டை 45 நிமிடம் நிறுத்தினார்கள். திறந்தபிறகு இன்னும் விழுந்தது. நாள் முடிவில் நிஃப்டி 13 சதவீதம் இறங்கி 7,610. அன்றைய என்ஏவிதான் எனக்குக் கிடைத்தது. கிட்டத்தட்ட மொத்தத்தையும் விற்று 2 லட்சத்து 75 ஆயிரம் வந்தது. அதுவும் வங்கிக்கு வர மூன்று வேலை நாள். அதுவரை மருத்துவமனையில் கட்ட மச்சானிடம்தான் கை நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உடனே அனுப்பினார். "நீ சிஏ தானே?" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

அப்பா நன்றாக இருக்கிறார். நவம்பரில் நிஃப்டி 12,400-ஐத் தாண்டிப் புது உச்சம் போனபோது நான் டிவியை அணைத்துவிட்டேன்.

என் ஃபண்ட் தேர்வு தவறில்லை. ஐந்து வருட நோக்கமும் தவறில்லை. கோட்டை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அரிசி இல்லை.

பையன் இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கட்டபொம்மன், ஊமைத்துரை கதை? இடிச்ச கோட்டையைத் திரும்பக் கட்டினாங்கல்ல?" என்றான். நல்ல கேள்வி. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, சில நாட்களுக்குள் அதே இடத்தில் மண்கோட்டையை எழுப்பிவிட்டார். அடக்க வந்த மெக்காலேயின் படை அதைப் பார்த்து அதிர்ந்து திரும்பியது. மார்ச் 31-ல் பெரிய தாக்குதல், அதிலும் கம்பெனிக்குத் தோல்வி.

மோட்டிவேஷன் வீடியோக்கள் இந்த இடத்தில் கட் பண்ணி, பின்னால் பிஜிஎம் போட்டுவிடும். நான் மேலே படித்தேன். தோற்ற கம்பெனி மறுநாளே வெறியோடு வந்து மோதவில்லை. 54 நாள் காத்திருந்தது. கூடுதல் படையும் பெரிய பீரங்கியும் வந்துசேரும் வரை உட்கார்ந்திருந்து, மே 24-ல் கோட்டையைப் பிடித்தது.

இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. நம் ஆட்களின் வீரத்தைப் படித்துவிட்டு, பாடத்தை எதிரியின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரன் அடிப்படையில் வியாபாரி. ஒரு சண்டையில் தோற்றாலும் இன்னொரு சண்டைக்குப் பணம் இருந்தது, அதனால் அவசரம் இல்லை. எஃப் அண்ட் ஓவில் ஒரே நாளில் விட்டதை அன்றைக்கே பிடிக்க நினைப்பவர்கள் இந்த 54 நாளை யோசித்துப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.81 லட்சம் கோடி ரூபாய் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. எதிரில் நிற்பவர்களில் பெரிய நிறுவனங்கள் உண்டு. அவர்களால் காத்திருக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போரையும் முதலீட்டையும் ரொம்ப ஒப்பிடக்கூடாது. பூலித்தேவருக்கும் ஊமைத்துரைக்கும் சண்டை வாசலுக்கே வந்தது, விலக வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த லோன் மெசேஜை டெலீட் செய்தால் யாரும் நம்மைத் தூக்கில் போடப் போவதில்லை.

கணக்குக்கு வருவோம். பையனுக்கு வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது, பைக் இஎம்ஐ எல்லாம் சேர்த்து மாதம் 32 ஆயிரம் செலவு. ஆறு மாதத்துக்கு 1,92,000. இதில் பாதி சேவிங்ஸ் கணக்கிலும் உடனே உடைக்கக்கூடிய எஃப்டியிலும், மீதி லிக்விட் ஃபண்டில். வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கிறது. வட்டி கம்மி என்று அழாதீர்கள், இது அரிசி மூட்டை, லாபம் தர வேண்டியதில்லை. அரை சதவீதம் கூடுதலாக வரும் என்று ரிஸ்க் உள்ள கடன் ஃபண்டுகளில் இதை வைக்கவும் வேண்டாம். 2020 ஏப்ரல் 23-ல் பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே இரவில் மூடியது. பணம் பிற்பாடு தவணையாக வந்தது, ஆனால் அந்த மாதம் தேவைப்பட்டவருக்கு வரவில்லை. அப்புறம் அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ். ஆபீஸ் பாலிசியில் அவர்கள் இருக்கிறார்களா என்று நாளைக்கே ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வனத்துறைக்காரர் வந்து, "மேல மேகம் கூடுது, கிளம்புங்க" என்றார். இங்கே வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்து ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். அக்கரையில் சிக்கிய பக்தர்களைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மீட்ட செய்தி அடிக்கடி வரும். எழுந்து நடந்தோம்.

வண்டியை எடுக்கும்போது பையன் கேட்டான். "அந்த 1,92,000 சேர்க்க எவ்வளவு நாள்ணே ஆகும்?"

"லோனுக்கு இஎம்ஐ கட்டத் தயாரா இருந்தேல்ல, அதே 10,253-ஐ மாசாமாசம் எடுத்து வை. 19 மாசம்."

"19 மாசமா? அதுக்குள்ள மார்க்கெட் ஏறிடும்ணே."

"ஏறட்டும்டா" என்றேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிறுத்து, பால்கோவா வாங்கணும்."