நான்கு கூழாங்கற்களும் ஒரு மணியும்



2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிரான்ஸில் வாழும் எனது அக்காவின் குடும்பத்தினருடன் கோடை விடுமுறையைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை. நம்மவர் பலர் லூர்து மாதா திருத்தலத்துக்கோ, லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கோ பிள்ளைகளுடன் புறப்பட்டு விடுவார்கள். அக்காவோ அம்முறை தனது இரு பிள்ளைகளையும் ஒரு பௌத்த தியான முகாமுக்குக் கூட்டிச் செல்லத் தீர்மானித்திருந்தார்.

பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு மனம் சுருங்கலாம். நமது ஊர்களில் அந்தச் சொல்லுடன் வேறு நினைவுகளும் சேர்ந்தே வருகின்றன. எனக்கும் அத்தயக்கம் இருந்தது. ஆயினும் அந்த இடத்தின் வரலாறு போரில் அடிபட்ட மக்களின் வரலாறாகவே இருந்தது.

போரிலிருந்து பிறந்த கிராமம்

பாரிஸிலிருந்து கடுகதிப் புகையிரதத்தில் போர்தோ நகருக்குச் சென்று, அங்கிருந்து வேறொரு புகையிரதத்தில் திராட்சைத் தோட்டங்களினூடாகப் பயணம் செய்தோம். ‘பிளம் கிராமம்’ எனப்படும் அந்த மடத்தை 1982இல் வியட்னாமியத் துறவி திக் நாட் ஹானும் சகோதரி சான் கொங்கும் ஆரம்பித்தனர்.

வியட்னாம் போர்க்காலத்தில் இத்துறவி, இளைஞர்களுக்குச் சமூக சேவைப் பயிற்சியளிக்கும் பாடசாலையொன்றை நடத்தினார். அங்கு பயின்றவர்கள் குண்டுவீச்சில் அழிந்த கிராமங்களை மீளக் கட்டினார்கள். எந்தப் பக்கமும் சாராதபடியால் இரு தரப்பினரும் அவர்களைச் சந்தேகித்தனர். சிலர் கொல்லப்பட்டனர். 1966இல் சமாதானம் வேண்டி வெளிநாடு சென்ற துறவிக்கு, 2005 வரை, அதாவது 39 ஆண்டுகள், தாய்நாடு திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. 2018இல் தாம் இளவயதில் துறவு பூண்ட விகாரைக்கே திரும்பிய அவர், 2022 ஜனவரியில் அங்கு காலமானார்.

என்னை அதிகம் கவர்ந்தவர் சகோதரி சான் கொங். மாணவியாக இருந்தபோதே சைகோன் நகரத்துச் சேரிகளில் ஏழைகளுக்காக உழைத்த பெண் அவர். மடத்தின் ஆரம்ப காலத்தில் 1,250 பிளம் மரங்கள் நடப்பட்டன. அவற்றின் வருமானம் வியட்னாமில் பசியால் வாடிய பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது.

முதலில் நிற்பவர் பெரியவர்

தியான முகாம் என்றதும் பிள்ளைகள் மணிக்கணக்காகக் கண்மூடி இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுவர். அங்கு அப்படியில்லை. பல குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்கின. கோப்பை கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் எல்லோருக்கும் பங்கிடப்பட்ட வேலைகள். உரை நடக்கும்போது பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். தங்களுக்கான சிறு பகுதி முடிந்ததும் எழுந்து விளையாடப் போய்விடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மணி ஒலிக்கும். கழுவுகிறவர், கதைக்கிறவர், ஓடுகிற பிள்ளை என எல்லோரும் அப்படியே நின்று மூன்று முறை மூச்சை உணர்ந்து விடுவார்கள். பிறகு வேலை தொடரும். ‘சத்தம் போடாதே, பேசாமல் இரு’ என்று பிள்ளையை யாரும் அதட்டியதை நான் காணவில்லை. முதலில் பெரியவர் நின்றார். அதைப் பார்த்துப் பிள்ளையும் நின்றது.

பிள்ளைகளுக்கு நான்கு கூழாங்கற்களும் ஒரு சிறு துணிப்பையும் கொடுத்தார்கள். ஒரு கல் பூ: புத்துணர்ச்சி. ஒன்று மலை: அசையாத உறுதி. ஒன்று தெளிந்த நீர்: அமைதி. கடைசிக் கல் விரிந்த வெளி: விடுதலை. ஒவ்வொன்றாகக் கையில் வைத்து, அதை நினைத்து மூன்று முறை மூச்சு விட வேண்டும். பயிற்சி இவ்வளவே.

அக்காவின் யன்னல்

அக்கா 1990களில் நாட்டை விட்டுச் சென்றவர். யூலை 14 பிரான்ஸின் தேசிய தினம். ஊர்தோறும் வாணவேடிக்கை நடைபெறும். ஒவ்வொரு வருடமும் அன்றிரவு அக்கா யன்னல்களைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுவார். முகாமில் குடும்பங்கள் வட்டமாக இருந்து மனம் விட்டுக் கதைக்கும் நேரமொன்றில், பன்னிரண்டு வயதுப் பெறாமகள் கேட்டாள்:

“அம்மா, அண்டைக்கு மட்டும் ஏன் எங்களோட கோபிக்கிறீங்கள்?”

அக்கா ஒரு கல்லைக் கையில் பொத்திக்கொண்டு சற்று நேரம் மூச்சு விட்டார். “கோபமில்லையம்மா. அந்தச் சத்தம் கேட்டா நான் திரும்பவும் பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி எனக்கு வரும்” என்றார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து தாயின் பக்கத்தில் இருந்தாள்.

தியானம் அக்காவின் பயத்தைப் போக்கிவிட்டது என்று நான் கூறவில்லை. பயத்தைச் சொல்வதற்கு ஓர் இடைவெளியைக் கொடுத்தது. 2009இன் பின் பிறந்த நமது பிள்ளைகள் செல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் தாயின் திடுக்கிடலைத் தினமும் பார்க்கிறார்கள். காரணம் தெரியாத பிள்ளை அதைக் கோபம் என்றும், தன்னுடைய குற்றம் என்றும் எடுத்துக்கொள்கிறது.

நமது வீட்டிலும் செய்யலாம்

இதற்காக எவரும் சமயம் மாற வேண்டியதில்லை. கோயில் மணியோ, தேவாலய மணியோ, பாடசாலை மணியோ கேட்கும்போது அம்மா வேலையை விட்டு மூன்று மூச்சு விட்டால் போதும். கூழாங்கல் கிடைக்காவிட்டால் கடற்கரைச் சிப்பியை எடுக்கலாம். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைகளுக்குச் சிறு பொருட்கள் வேண்டாம்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பேரிழப்பைச் சந்தித்த சிலருக்குக் கண்ணை மூடி இருந்தால் பழைய காட்சிகள் பெருகி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, நிலத்தில் பாதம் படுவதை உணர்ந்து மெதுவாக நடக்கலாம். அதுவும் இயலாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பயமும் நித்திரையின்மையும் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மூச்சுப் பயிற்சி காணாமல் போனவரைக் கொண்டு வராது. காணியையும் திருப்பித் தராது. அந்தக் கேள்விகளை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மனுக் கொடுத்துவிட்டும் கூலி வேலை முடித்தும் களைத்து வரும் அம்மாவின் முகத்தைத்தான் பிள்ளை வாசலில் நின்று பார்க்கிறது. உள்ளே நுழையுமுன் மூன்று மூச்சு விட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுங்கள்.